எர்த் கொடுத்த அம்பாசடர்

சோலைச்சாமி சபதம் எடுத்தபோது அவருடைய வலது கையில் ரசம் சாதம் இருந்தது. சபதத்துக்கு ஏற்ற பதார்த்தம் அல்ல அது. கையை உயர்த்தினால் முழங்கை வரை ஓடும். ஆனாலும் உயர்த்தினார். ஓடியது.

"முதலாளி, நான் வாரேன்," என்று இடது கையில் இருந்த போனில் முழங்கினார். "ஆனா கம்பெனி பஸ்ஸுல வரமாட்டேன். நீங்க குடுத்த அம்பாசடர நானே ரிப்பேர் பாத்து, நானே ஓட்டிக்கிட்டு வந்து உங்க கேட்டு முன்னாடி நிப்பாட்டுவேன். அது கெளம்புற அன்னிக்கு நானும் வேலைக்குக் கெளம்புறேன். இது வாக்கு!"

முதலாளி ராஜபாண்டியன் மறுமுனையில் சிரித்தார். சாத்தூர் தாண்டி இருக்கும் பட்டாசுக் கம்பெனி அவருடையது. அதில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் சோலைச்சாமி. ஓய்வு பெற்ற அன்று அவருக்குச் சந்தன மாலை, சால்வை, ஓர் அம்பாசடர் கார் ஆகியவை வழங்கப்பட்டன. மாலையும் சால்வையும் புதியவை. கார், முதலாளியின் தகப்பனார் வாலிபராக இருந்தபோது வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "ஓடுச்சுன்னா ஓட்டிக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லித்தான் முதலாளி சாவியைக் கொடுத்தார். இலக்கணப்படி அது ஒரு சாதாரண நிபந்தனை வாக்கியம். சோலைச்சாமிக்கு அது நெஞ்சில் ஏறிய ஆணி.

விருதுநகரில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தக் கார் ஓடவில்லையே தவிர, சும்மா இருக்கவில்லை. அகன்ற கூரையில் வள்ளித்தாய் கொத்தவரங்காய் வத்தல் காயப்போட்டாள். டிக்கியில் வெங்காயம் வைத்தாள். பின்சீட்டில் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். அவளுக்கு அதன்மீது எந்தக் குறையும் இல்லை.

போனை வைத்த கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்ப வேலைக்குப் போகப் போறீகளா?"

"சீசன் வருதுல்ல. ஆர்டர் குமியுதாம். முதலாளி கூப்பிடும்போது மாட்டேன்னு சொல்லுறதா? வண்டி கெளம்பட்டும், போயிருவேன்."

"கெளம்பலைன்னா?"

"கெளம்பலைன்னா போகமாட்டேன். வாக்குன்னா ரெண்டு பக்கமும் வாக்குத்தான். ஆனா கெளம்பும்."

"சரி," என்றாள் வள்ளித்தாய். "இன்னொரு அப்பளம் வைக்கவா?"

இவ்வளவு பெரிய செய்தியை ஒரு மனைவி அப்பளத்தோடு ஏற்றுக்கொண்டால் எந்தக் கணவரும் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். சோலைச்சாமி அப்பளத்தை நொறுக்கினார்.

இந்தப் பக்கத்தில் ஒரு போர்மேனுக்குப் பெண்டாட்டியாக இருப்பது என்றால், காதுகள் இரண்டையும் கம்பெனி இருக்கும் திசைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் உடம்பை வைத்து வீட்டு வேலைகளைச் செய்வது. வானம் இடித்தாலும் நெஞ்சில் கை போகும். கல்யாண வீட்டில் எவனாவது சரவெடி கொளுத்தினாலும் போகும். வள்ளித்தாய் அப்படித்தான் ஒரு வாழ்நாளை ஓட்டினாள். கணவர் சால்வையோடு வீடு திரும்பிய அன்றுதான் காதுகள் அவளிடம் திரும்பி வந்தன. இப்போது அவற்றை மறுபடியும் கேட்கிறார்கள். அவள் கொடுப்பதாக இல்லை.

சோலைச்சாமி மறுநாளே வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்டு ஒரு ஷெட் அமைத்தார். வத்தல் மாடிக்குப் போனது. ஷெட்டுக்குக் கம்பெனிச் சட்டம் அமலுக்கு வந்தது. வாசலில் எர்த் கொடுத்த ஒரு தாமிரத் தகடு. அதில் உள்ளங்கையை வைத்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு கூடாது. செல்போன் கூடாது. நைலக்ஸ் சேலை கூடவே கூடாது, பருத்திதான். மணல் வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று. ஸ்பேனர் பித்தளையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும்.

கார் முழுக்க இரும்பு. பித்தளை ஸ்பேனரால் துருப்பிடித்த இரும்பு போல்ட்டைத் திருகினால் போல்ட் அசையாது, ஸ்பேனர் தேயும். ஒரு ஸ்பேனர் தேய்ந்து தேய்ந்து கரண்டி ஆனது. வள்ளித்தாய் அதை வாங்கி ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மோட்டார் எஞ்சின் என்பது, பெட்ரோல் ஆவியை ஓர் உருளைக்குள் அடைத்து, அதற்குப் பொறி வைத்து வெடிக்கச் செய்வது. ஒரு தடவை அல்ல, வண்டி ஓடும்வரை ஓயாமல். சுருக்கமாகச் சொன்னால் கார் என்பது சக்கரம் வைத்த சரவெடி. பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்த மனிதர், பொறியில்லாமல் ஓடாத ஒரு சாமானைப் பழுதுபார்க்க உட்கார்ந்திருந்தார். இந்தச் சங்கடம் அந்த வீட்டில் ஒருவருக்குப் புரிந்திருந்தது. அந்த ஒருவர் சோலைச்சாமி அல்ல.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று சொன்னவர்களை அவர் பார்த்த பார்வையில் அவர்கள் மறுபடி சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி மட்டும் தினமும் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"ஏ வள்ளி, ஒங்க வீட்டுக்காரரு காருக்கு அடியில கெடக்காரே, கால் மட்டுந்தான் தெரியுது. அசைவு இருக்கா?"

"இப்பத்தான் காப்பி கேட்டாக."

"அப்பச் சரி."

ஆனாலும் அவரைக் குறைத்து எடைபோடக் கூடாது. பொறுமைசாலி. டேங்கைக் கழற்றித் துருவை உலுக்கிக் கொட்டினார். கார்பரேட்டரைப் பிரித்து, பழைய பல் பிரஷ்ஷால் துலக்கி, பிரித்த வரிசையிலேயே மாட்டினார். பிரேக்கைச் சரிசெய்தார். புது பேட்டரி வாங்கினார். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பி செல்ப் அடித்தபோது, எஞ்சின் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கிழவனைப் போல இருமியது.

சோலைச்சாமி ஷெட்டிலிருந்து குதித்து வந்தார். "வள்ளி! இருமிருச்சு!"

"யாரு?"

"வண்டி!"

"கசாயம் வைக்கவா?"

"ஏ, வெளையாடாத. உசுரு வந்துருச்சுங்கேன். நாளைக்கு இந்நேரம் ஓடும் பாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வள்ளித்தாயின் கை நின்றது. பிறகு மறுபடி நறுக்கியது, கொஞ்சம் வேகமாக.

மறுநாள் காலை அவள் பருத்திச் சேலை உடுத்தி, செருப்பில்லாமல் வந்து, தாமிரத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, முறைப்படி ஷெட்டுக்குள் நுழைந்தாள். சோலைச்சாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கம்பெனியில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் வந்ததில்லை.

"டார்ச் பிடிக்கட்டா?"

"பிடி பிடி. இங்கன காட்டு."

"ஏங்க, இது என்ன டப்பா? மேல வயரெல்லாம் கொம்பு மாதிரி நிக்கிது."

"அதுதான் டிஸ்ட்ரிபியூட்டரு. நாலு பிளக்குக்கும் பொறியப் பங்கு வைக்கிற எடம்."

"பொறியா?" வள்ளித்தாய் ஓர் அடி பின்வாங்கினாள். "தீப்பொறியா?"

"ஆமா. பின்ன?"

"பக்கத்துலயே பெட்ரோல் ஓடுதே?"

"ஓடத்தான செய்யும்."

"இல்ல, எனக்கு என்ன தெரியும். கேக்கேன். வாசலுக்கு எர்த் குடுத்திருக்கீக. டேங்குக்குக் குடுத்திருக்கீக. வண்டி உடம்புல சங்கிலி தொங்கவிட்டு அதுக்கும் குடுத்திருக்கீக. பொறி பொறக்குற இந்த எடத்துக்கு மட்டும் குடுக்கலையே? இதுக்குத்தான மொதல்ல குடுத்திருக்கணும்?"

சோலைச்சாமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். எத்தனை இன்ஸ்பெக்சன் பார்த்தவர்! எத்தனை பேருக்கு எர்த்தைப் பற்றி வகுப்பு எடுத்தவர்! கண்ணுக்கு நேரே இருந்ததை விட்டுவிட்டாரே!

"ஏ வள்ளி, நீ மட்டும் கம்பெனியில சேந்திருந்தா எனக்கு மேல போர்மேனா இருந்திருப்ப!"

"போங்க. எல்லாம் நீங்க சொல்லிச் சொல்லிக் காதுல விழுந்ததுதான்."

அவர் உடனே ஒரு முழம் தாமிரக் கம்பியை எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். டப்பாவுக்குள், காயில் என்ற மின்சுருளிலிருந்து வரும் வயர் நுழையும் இடத்தில் ஒரு முனையையும், வண்டி உடம்பில் மறு முனையையும் பித்தளைத் திருகு வைத்து இறுக்கினார். அழகான வேலை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

வண்டி தெரிந்த வாசகர்கள் இந்நேரம் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த இடத்தை வண்டி உடம்போடு கட்டிப்போட்டால், எந்தப் பிளக்குக்கும் பொறி போகாது. ஒரு காரை ஊமையாக்க இதைவிடச் சிக்கனமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வள்ளித்தாய் டார்ச்சை அணைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அன்றிலிருந்து கார் இருமவில்லை. செருமக்கூட இல்லை. செல்ப் மட்டும் கிர்ர்ர் என்று சுற்றும். சோலைச்சாமி பிளக்குகளைச் சந்தேகித்தார், மாற்றினார். காயிலைச் சந்தேகித்தார், அதையும் மாற்றினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். பேட்டரி விற்றவனின் முகமே சரியில்லை என்றார். கடைசியில் சனி பகவான் வரைக்கும் போய்விட்டார். அந்தக் கம்பியை மட்டும் சந்தேகிக்கவில்லை. தினமும் காலையில் அது இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, திருகை இன்னும் கால் சுற்று இறுக்குவார்.

இந்த நாட்களில் வீட்டில் தினமும் ஒரு பலகாரம் தயாரானது. கருப்பட்டிப் பணியாரம், கேசரி, சீயம். தன்னைத் தேற்றுவதற்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்து அவர் நெகிழ்ந்தார். ஒருவர் தோல்வியை இன்னொருவர் கொண்டாடும் சாத்தியம் அவருக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி போன் பண்ணினால், "இன்னும் கெளம்பல முதலாளி, ரெண்டு நாள் பொறுங்க" என்பார். குரல் போனுக்குப் போன் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் காலை இட்லியைத் தொடவில்லை. வள்ளித்தாய் விட்டுவிட்டாள், கோபம் ஒரு வேளைக்கு மேல் தாங்காது என்பது அவள் கணக்கு. மறுநாளும் தொடவில்லை. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தாள். முன்பக்க பம்பரில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இட்லி ஆறிப்போகுது. வாங்க."

"கை போச்சு வள்ளி."

"எந்தக் கை?"

"இந்தக் கைதான். அம்புட்டுப் பேரையும் பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வச்ச கை. இன்னிக்கு ஒரு இரும்புச் சாமான் எனக்கு அடங்கல. முதலாளி சிரிச்சது சரித்தான். வண்டியும் நானும் ஒண்ணு. தார்ப்பாயப் போட்டு மூடிற வேண்டியதுதான்."

வள்ளித்தாய் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். தாமிரத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே வந்து, பானட்டுக்குள் குனிந்து, பித்தளைத் திருகைக் கழற்றினாள். கம்பியை உருவி விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப சாவியத் திருப்புங்க."

"அதக் கழட்டாத! எர்த்து!"

"திருப்புங்கன்னேன்."

திருப்பினார். முதலில் ஓர் இருமல். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு தகரக் கூரை அதிர, ஷெட் முழுக்கப் புகை நிறைய, பழைய முதலாளி காலத்து எஞ்சின் கர்ஜித்தது. வேப்பமரத்துக் காக்காய்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. ராக்காயி ஓடி வந்து, "வெடிச்சிருச்சா?" என்று கத்தினாள்.

"இல்லக்கா, கெளம்பிருச்சு!" என்றாள் வள்ளித்தாய்.

சோலைச்சாமி எஞ்சினை நிறுத்தினார். மனைவியின் விரலில் சுற்றியிருந்த கம்பியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி கம்பியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"எர்த் குடுத்தா பொறி வராதுன்னு நீங்கதான சொன்னீக."

"கம்பெனியில வரக் கூடாது! கார்ல வரணும்!"

"அது எனக்குத் தெரியும். நீங்கதான் மறந்துட்டீக."

"என்னைய ஏமாத்தியிருக்க."

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்து அவர் பெரிய வாதம் ஒன்றைத் தயார் செய்திருந்தார். 'ஆமா' என்ற பதிலுக்கு எதிராக எந்த வாதமும் செல்லாது.

"போக வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாக் கேட்டிருப்பீகளா?"

சோலைச்சாமி பொய் பேசாதவர். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். "சரி. இப்ப மட்டும் எதுக்குக் கழட்டுன?"

"ரெண்டு நாளா இட்லி ஆறிப்போகுது."

அவர் தொண்டையைச் செருமினார். "வண்டி கெளம்பிருச்சு. வாக்குக் குடுத்திருக்கேன். போகணும்ல வள்ளி?"

"போங்க. யாரு வேண்டாம்னது? மொதல்ல சாப்பிடுங்க. நானும் வாரேன். முதலாளியப் பாத்துட்டு, அப்படியே இருக்கன்குடியில சாமி கும்பிட்டுட்டு வருவோம்."

ஏழு இட்லி சாப்பிட்டார்.

நாலுவழிச் சாலையில் அம்பாசடர் தன் மரியாதைக்கு ஏற்ற வேகத்தில் போனது. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் தாண்டிப் போயின. வைக்கோல் லாரி தாண்டிப் போனது. சோலைச்சாமி வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். பக்கத்தில் வள்ளித்தாய், மடியில் பூவும் தேங்காயும். ஜெயித்தவர் என்ற முறையில் அவர் சில நிபந்தனைகளை விதிக்கத் தொடங்கினார்.

"இந்தா பாரு. வேலைக்குப் போயிட்டு வந்தா சோறு ரெடியா இருக்கணும். முன்ன மாதிரி நான் வந்து ஒக்காந்த பொறகு அடுப்பப் பத்தவைக்கிற சோலியெல்லாம் கூடாது."

"அது முடியாது."

"ஏன் முடியாது? ஊருல எல்லாப் பொம்பளைகளும் நேரத்துக்கு ஆக்கல?"

"கம்பெனி பஸ்ஸு நம்ம முக்குல திரும்பும்போது ஆரன் அடிக்கும்ல," என்றாள் வள்ளித்தாய், சாலையைப் பார்த்துக்கொண்டே. "அதக் கேட்ட பொறகுதான் அரிசியில கை வைப்பேன். அதுக்கு முன்னாடி எத்தனையோ நாளு வச்சுப் பாத்தேன். எத்தன பேருக்கு அளக்கணும்னு தெரியாத மாதிரி இருக்கும். படியக் கையில வச்சுக்கிட்டே நிப்பேன்."

பசியோடு வந்து, தாமதத்துக்காகச் சோலைச்சாமி போட்ட சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தன.

"இனிமே கார்ல வருவீக," என்றாள் அவள். "இதுக்கு ஆரன் இருக்கா?"

அவர் ஆரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

"ரிப்பேர் பாக்கணும்," என்றார்.

சாத்தூர் போய்ச் சேருவதற்குள் அவர் முடிவெடுத்துவிட்டார். வேலை வேண்டாம். துறந்துவிடுவது. முடிவெடுத்ததும் மனசு லேசானது. இவளுக்காக இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கே கண் கலங்கியது. இவளிடம் இப்போது சொல்ல வேண்டாம், அழுதுவிடுவாள். முதலாளியிடம் முதலில் பேசுவது. என்ன பேசுவது என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் இன்னும் உருக்கமாகத் திருத்தினார்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே மர நிழலில் காரை நிறுத்தினார். "நீ இங்கனயே இரு. அஞ்சு நிமிசத்துல வந்துருதேன்."

"மெதுவாப் பேசிட்டு வாங்க," என்றாள் வள்ளித்தாய்.

ஆபீஸ் அறையில் முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னார். சோலைச்சாமி உட்காரவில்லை. இந்த மாதிரிப் பேச்சுகளை நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

"முதலாளி, வாக்குப்படி வண்டியோட வந்து நிக்கிறேன். ஆனா வேலைக்கு வரல. என்னைய மன்னிக்கணும். நான் இல்லாம இந்தச் சீசன்ல கம்பெனி எம்புட்டுத் தவிக்கும்னு எனக்குத் தெரியும். உங்கள நட்டாத்துல விட்டுட்டுப் போற பாவம் என்னையச் சேரட்டும். ஆனா வீட்டுல ஒரு சீவன், படியக் கையில வச்சுக்கிட்டு, இம்புட்டு வருசமா எனக்காக நின்னிருக்கு. இனிமே நிக்க வைக்க மாட்டேன். அவளுக்கு இது தெரியாது. அவ போங்கன்னுதான் சொன்னா. இது நானா எடுத்த முடிவு."

முதலாளி ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையை அசைத்து அசைத்து, கடைசிவரை கேட்டார்.

"ரொம்ப நல்ல முடிவு அண்ணாச்சி," என்றார் பிறகு. "உங்களுக்கு அடுத்தபடியா இருந்த அன்பரசன போன வாரமே போர்மேனாப் போட்டாச்சு. மதினிதான் இங்க நேர்ல வந்து, அவுக வரமாட்டாக, அன்பரசனப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாக."

சோலைச்சாமி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"போன வாரமா? நான் வரமாட்டேங்கிறது எனக்கே சாத்தூர் வந்த பொறகுதான முதலாளி தெரியும்?"

முதலாளி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏலே, அந்த மோரக் கொண்டாலே! அண்ணாச்சி பேசி முடிக்கவும் குடுக்கச் சொல்லி மதினி காலையிலயே போன் பண்ணிட்டாக."